அரை மணி நேரம் கழித்துக் காபி

சரவணா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நம் தெருவில் தறிகள்கூட ஓய்ந்துவிட்டன. உன் அப்பாவின் குறட்டை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு ஒருதரம் யாராவது எட்டிப் பார்த்து, "என்ன எழுதுற?" என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்து பேனாவை மூடிவிடுகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினேனே. "விடும்மா" என்று சொல்லி வைத்தாய். அதன்பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. காகிதம் என்றால் குறுக்கே "விடும்மா" என்று சொல்ல உன்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இதை ஒளித்து அனுப்பப் போவதும் இல்லை. உன் அப்பா படிக்கட்டும். சுமதி அத்தை படிக்கட்டும். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் அவளைப் பற்றி எழுதுகிறேன். "எழுதுங்க மதினி, இனிமே மூடி வச்சு என்ன" என்று சொல்லிவிட்டாள். முகம் தெரியாத வேறு அம்மாக்கள் படித்தாலும் சந்தோஷம்தான். மூடி வைத்து மூடி வைத்துத்தான் உன் உடம்பு இந்தப் பாடு பட்டது. எனவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். தெரிந்துகொண்டே தெரியாதவன் மாதிரி இருந்தாயே, அதையும் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் உனக்கு முதன்முதலாகத் தடித்தது. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து சட்டையைக் கழற்றினாய். ஈரத் துணியை முறுக்கி யாரோ அடித்த மாதிரி முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாகச் சிவந்து வீங்கியிருந்தது. காலையில் பார்த்தால் சுவடே இல்லை. மறுநாள் தொடையில் வந்தது. அதற்கடுத்த நாள் கழுத்தில். நம் பக்கத்தில் இதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது: காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று அர்த்தம். பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. உன் அப்பா கட்டிலைத் தெருவில் போட்டு வெந்நீர் ஊற்றினார். மெத்தையை வைகைக்கரைக்குத் தூக்கிப்போய்க் கொளுத்தினார். நம் தறிக்கூடத்து முருகேசு கூடவே நடந்தபடி, "மூட்டைப்பூச்சி ஒண்ணுகூட இல்லையேண்ணே, நல்ல மெத்தையாச்சேண்ணே" என்று புலம்பிக்கொண்டே போனார். "கண்ணுக்குத் தெரிஞ்சா அது ஏண்டா காணாக்கடி?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். மெத்தை எரிந்தது. அன்றைக்கு ராத்திரி வெறுந்தரையில் படுத்த உனக்கு உதடும் சேர்ந்து வீங்கியது.

பிறகு மந்திரித்தோம். பத்தியம் இருந்தோம். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, முட்டை ஆகாது என்றார் வேப்பிலையால் தடவியவர். நான் மறுபேச்சுப் பேசாமல் உனக்குத் தனிக் குழம்பு வைத்தேன். இத்தனைக்கும் விலங்கியல் படித்தவள் நான். இரண்டாம் வருஷம் முடிந்த கையோடு கல்யாணம்; மூன்றாம் வருஷப் பரீட்சையை நீ வயிற்றில் இருக்கும்போது எழுதினேன். பெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விடைத்தாளை ஒடுக்கி வைத்துக்கொண்டு, உடம்பின் காவல் அணுக்கள் சிலசமயம் தன் உடம்பையே எதிராளி என்று நினைத்துத் தாக்கும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். நல்ல மார்க் போட்டார்கள். எழுதியது விடைத்தாளோடு போய்விட்டது. வீட்டில் பூச்சியைத் தேடினோம்.

ஆடி வந்தும் தடிப்பு நிற்கவில்லை. அப்போதுதான் உன்னை அந்தத் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அந்த அறை உனக்கு நினைவிருக்கும். நாற்காலி இரண்டுதான். ஒன்றில் நீ. இன்னொன்றில் அப்பா. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த சுமதி அத்தையும், "எம் மருமகனுக்கு என்னன்னு நானும் கேக்கணும்ல" என்று கூடவே நுழைந்து என் பக்கத்தில் நின்றாள். அந்தப் புழுக்கத்திலும் முழங்கை தாண்டிய கை வைத்த ரவிக்கை. டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி, மூட்டுவாதம், இந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்ல டாக்டர்."

"தலைவலிகூடவா? குடுத்து வச்சவங்க" என்று அவர் சிரித்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "எங்க அண்ணே சொன்னதுதான். மதினி வீட்டுப் பக்கம் வேணா கேட்டுப் பாருங்க" என்றாள்.

என் பக்கம் கேட்டார். என் அம்மாவுக்கு, உன் அம்மாச்சிக்கு, மூச்சு இழுப்பு உண்டு. சொன்னேன். டாக்டரிடம் கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். அவர் பேனா அந்த இடத்தில் நின்றது. இழுப்பு இருக்கிற குடும்பம், பையனுக்குத் தடிப்பு, அப்படியானால் அலர்ஜி. அலர்ஜிப் பரிசோதனைக்கு எழுதினார். அதில் பால், முட்டை, கடலை, இறால், கத்தரிக்காய் என்று பாதி மளிகைக்கடை வந்தது. தினமும் ஒரு மாத்திரை, அதோடு சாப்பாட்டில் கட்டுப்பாடு. மந்திரித்தவரும் டாக்டரும் ஒன்றே சொன்னதாக உன் அப்பாவுக்குப் பெருமை வேறு. அம்மா வீட்டுப் பக்கம் உண்மை சொல்லி, அப்பா வீட்டுப் பக்கம் பொய் சொன்னால், இரண்டும் பொய் சொன்னதைவிட மோசமாகிவிடுகிறது தம்பி. டாக்டர் பாவம், கிடைத்த உண்மையைப் பிடித்துக்கொண்டு தப்பான தெருவில் நடந்தார்.

அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சு எவ்வளவு! உனக்குத் தடித்த போதெல்லாம் அப்பா, "இழுப்புக்காரி வீட்டு ரத்தம், வேற எப்படி இருக்கும்" என்றார். தீபாவளிக்கு வந்த அம்மாச்சி உன்னைத் தொடவே பயந்துபோய்த் தள்ளியே உட்கார்ந்துவிட்டுப் போனார், தன்னால்தான் பேரனுக்கு இந்தச் சீக்கு என்று. அந்தப் பழியைச் சுமந்தவருக்கு இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ ஹாஸ்டலில் முட்டை நாளில் வெறும் ரசம் சாதம் சாப்பிட்டாய். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி மற்றவர்களுக்கு ஊட்டினாய், நீ வாயில் வைக்கவில்லை. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் தடிப்பு அசைந்து கொடுக்கவில்லையே, அப்படியானால் சாப்பாட்டில் காரணம் இல்லையோ என்று நான் கேட்டதற்கு அப்பா சொன்ன பதில்: "அவன் களவாத் தின்னுருப்பான்." அதைக் கேட்டு நீ சிரித்தாய். சிரித்திருக்கக் கூடாது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும்.

இப்போது அத்தை மகள் நந்தினி கல்யாணத்துக்கு வருகிறேன். என் தூக்கம் போனது அங்கேதான்.

திருப்பரங்குன்றத்தில் மண்டபம். விடிவதற்கு முன்பே மணப்பெண் அறையில் விளக்குப் போட்டாகிவிட்டது. நந்தினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து நான் தட்டில் காபி எடுத்து வந்தேன். மகள் கல்யாண அவசரத்தில் அலைகிற சுமதிக்கு முதல் டம்ளர் கொடுப்போம் என்று நீட்டினேன். அவள் எப்போதும்போல, "செத்த நேரம் ஆகட்டும் மதினி" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இது பழக்கம். நம் வீட்டுக்கு வந்தாலும் எழுந்தவுடன் காபி குடிக்க மாட்டாள். "குளிக்காம எனக்கு எறங்காது" என்பாள். ஆசாரக்காரி என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அவள் இன்னும் குளிக்கவில்லை, அதனால் மறுக்கிறாள் என்று டம்ளரை அங்கேயே ஜன்னலில் வைக்கப் போனேன். வாசலில் மாலையோடு நின்ற நீ, தூக்கக் கலக்கத்தில், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய்: "அத்தைக்கு இப்ப குடுக்காதம்மா. அரை மணி நேரம் கழிச்சுக் குடு."

அரை மணி நேரம்.

மதுரையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு அரை மணி நேரம் காபிக்குக் காத்திருக்கிற பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். என்ன மாத்திரை என்று எந்தப் பொம்பளைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டம்ளரைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். அத்தை உன்னைப் பார்த்தாள். நீ மாலையைப் பார்த்தாய். அந்த ஒரு நொடியில் எனக்கு இரண்டும் தெரிந்துவிட்டது: அவளுக்குத் தைராய்டு இருக்கிறது, அது உனக்குத் தெரியும்.

தாலி ஏறுகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியத்தைக் கெடுக்கிற ஆள் நான் கிடையாது. பந்தி ஓய்ந்தபிறகு சுமதியைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "எம்புட்டு நாளா?" என்று மட்டும் கேட்டேன். அவள் நடிக்கவில்லை. "நந்தினி பொறந்ததுல இருந்து" என்றாள். பிறகு தானாகவே பட்டு ரவிக்கையின் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. அந்த அறையில் டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு அவள் ஒருத்தியே இரண்டு பதிலாக என் தோளோடு தோள் ஒட்டி நின்றிருக்கிறாள்.

"அடிப்பாவி, எம் பிள்ளை நாலு வருசமா முட்டை தின்னல" என்றேன். எனக்கு வந்தது அந்த வார்த்தைதான். அவள் ஓவென்று அழுதாள். "மதினி, நீங்க என்னைய செருப்பால அடிங்க. ஆனா நந்தினிக்கு மொதல்ல பேசுன எடம் ஏன் நின்னுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எந் தோளப் பாத்துட்டு ஒருத்தி போய்ச் சொல்லிருக்கா. 'தாய்க்கு வெள்ளையாம், மகளுக்கும் வருமாம்'னு. பூ வைக்கிற நாளைக்கு முன்னாடி தட்டைத் திருப்பிட்டாக. அதுக்கப்புறமும் நான் டாக்டர் முன்னாடி, அண்ணே முன்னாடி, அம்புட்டையும் சொல்லுவேனா?"

எனக்கு அவள் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கே இறங்கிவிட்டது. மீதிப் பாதி உன் மேல் ஏறிவிட்டது. ஏனென்றால் அடுத்து அவள் சொன்னாள்: போன வருஷம் லீவுக்குக் கல்லுப்பட்டி போயிருந்தாயே, அப்போது அவளுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வந்தவன் நீ. திட்டையும் பார்த்திருக்கிறாய். "ஒங்கம்மாட்ட சொல்லாத மருமகனே, நந்தினி கல்யாணம் முடியட்டும்" என்று அவள் கேட்டாள், நந்தினி தலைமேல் சத்தியம் செய்து கொடுத்தாய். மாமா வேறு, "எம் மாப்ள தங்கம்டா" என்று முதுகில் தட்டினாராம்.

தங்கம்! அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்த டாக்டரிடம் போனோம்? ஒவ்வொரு தடவையும் அவர், "புதுசா ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நீ "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாய். நீ சொறிந்து சொறிந்து விலாவில் ரத்தம் கட்டியிருந்த நாளில்கூட அதையே சொன்னாய். அத்தையின் மானத்தை உன் தோலால் போர்த்தியிருக்கிறாய். அதைப் பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. நம் வீடுகளில் தியாகம் என்று சொல்கிறவற்றில் பாதி, சங்கடமான ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்துகொண்டு வாங்கிக்கொள்கிற அடிதான். அத்தை பயந்தாள், அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். உனக்கு என்ன இருந்தது?

உன் அப்பாவிடமும் கேட்டேன். கல்யாண வீட்டு வேட்டிகூட மாற்றவில்லை, அவர் அப்போதுதான் ஊஞ்சலில் சாய்ந்தார். "தங்கச்சிக்குத் தைராய்டு இருக்கிறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நாந்தான மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அப்புறம் எதுக்கு எங்க வம்சத்துல ஒண்ணுமே இல்லன்னு சொன்னீக?"

"அது என்ன சீக்கா? காலையில ஒரு மாத்திரை, அம்புட்டுத்தான. சீக்குன்னா படுக்கணும்ல!"

"வெள்ளத் திட்டு?"

"அது சின்னதுல சூடு பட்டது."

"சூடு வருசா வருசம் வளருமா?"

 "இப்ப எதுக்கு இதைக் கெளர்ற? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. படுக்க வைக்காத எதுவும் சீக்கு கிடையாது, வெளியே தெரியாத எதுவும் நடக்கவே இல்லை. அவரை அப்படி வளர்த்திருக்கிறார்கள். நீயும் அப்படியே வளர்ந்துகொண்டிருக்கிறாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் நான் தனியாகவே டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கம் தேடியிருப்பேனே" என்றார். பிறகு, "நானும் வீட்டுப் பேச்சை மட்டும் நம்பாம ரத்தத்தைக் கேட்டிருக்கணும்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. நம் வீட்டில் இதுவரை அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். மாதக்கணக்கில், காரணமே தெரியாமல், வந்து வந்து மறைகிற தடிப்புக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வமாம். பலருக்கு உடம்பே தன் தோலில் உள்ள சில அணுக்களுக்கு எதிராக வேலை செய்யும். அந்த அணுக்கள் தூண்டப்பட்டு உள்ளே இருப்பதைக் கொட்டும்போதுதான் அரிப்பும் வீக்கமும். அப்படிப்பட்டவர்களில் கொஞ்சம் பேருக்குத் தைராய்டையும் அந்த உடம்பே தாக்கிக்கொண்டிருக்கும். இந்த மாதிரிக் கோளாறு குடும்பத்துக்குள் ஒருவருக்குத் தைராய்டாக, ஒருவருக்கு வெண்புள்ளியாக, இன்னொருவருக்குத் தடிப்பாக வரலாம். கட்டாயம் வரும் என்று கிடையாது. வந்தால் ஆச்சரியமும் கிடையாது. உனக்குத் தைராய்டுக்கும் அதைத் தாக்குகிற எதிர்ப்பொருளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். அதோடு இன்னொரு பரிசோதனை: உன் ரத்தத்தை எடுத்து, அதில் தெளிந்து நிற்கிற நீரைப் பிரித்து, அதையே உன் முன்கையில் தோலுக்கடியில் துளியாகப் போடுவார்கள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர். அரை மணி நேரம் காத்திருந்து பார்ப்பார்கள்.

"அவன் ரத்தமே அவனைத் தடிக்க வைக்குமா?" என்று கேட்டேன்.

"வச்சா, தேடுறதை வெளியில நிறுத்திட்டு உள்ள தேடலாம்" என்றார். தடிக்காவிட்டாலும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது, அது ஒரு துப்பு மட்டும்தான் என்றும் எச்சரித்தார். அதற்கு முன்னால் சில நாள் நீ தினமும் போடுகிற மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கை பொய் சொல்லும். என்றைக்கு நிறுத்துவது என்று அவர்தான் சொல்வார், நீயாக நிறுத்தக் கூடாது. இடையில் நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இறுகினால், பரிசோதனையாவது ஒன்றாவது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதை அவர் என்னை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்.

பிறகு அவர் உன் உடம்பைப் பற்றி வேறு சிலதும் கேட்டார். எப்போதும் அசதியாக இருக்கிறானா, எடை போட்டிருக்கிறானா, குளிர் தாங்குகிறானா, முடி கொட்டுகிறதா.  கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஞாயிறு முழுக்கத் தூங்குகிறாய். ஊருக்கு வந்தால் வைகாசியிலேயே போர்வை தேடுகிறாய். சீப்பில் கொத்தாக முடி. அப்பா உன்னை "எரும" என்று திட்டித்தான் எழுப்புகிறார். நீயும் சோம்பேறித்தனம் என்றே நம்பிவிட்டாய். அது சோம்பேறித்தனமாகவே இருக்கட்டும். ஆனால் ரத்தம் பார்த்துவிட்டு அப்புறம் திட்டலாமே. தைராய்டு இருந்து, தெரியாமலே விட்டு, உள்ளே அது உன்னை அரித்துக்கொண்டிருந்தால்? எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். உதடு வீங்கினால் நான் பார்ப்பேன். உள்ளே நடப்பதை எப்படிப் பார்ப்பது?

இதையெல்லாம் சொல்லத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது. ஒரு மாத்திரைதான, போட்டுட்டுப் போறேன்." அப்படியே உன் அப்பா. அதோடு விட்டாயா, "அத்தைய அசிங்கப்படுத்தாதீங்க" என்றாய். யாரடா அசிங்கப்படுத்தினது? தோலில் வெள்ளை விழுந்தால் அது அசிங்கம் என்று முதலில் ஒத்துக்கொண்டது நீயும் உன் மாமாவும் மருந்துக்கடைப் பொட்டலமும்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ அந்தக் கையை மூடச் சொல்கிறாய்.

ஒரு செய்தி உனக்குத் தெரியாது. மறுவீட்டுக்கு வந்தபோது நந்தினியே தன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள், அம்மாவுக்கு இன்னின்னது இருக்கிறது, எனக்கும் வரலாம் என்று. கதவுக்குப் பின்னால் சுமதி உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அந்தப் பையன், "எங்கம்மாவும் காலையில காபிக்கு அரை மணி நேரம் உக்காந்துருப்பாங்க. ஏன்னு கேட்டா தலவலிங்கிறாங்க" என்றிருக்கிறான். இரண்டு சம்பந்தியும் ஒரே மண்டபத்தில், ஒரே விடியலில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காபியை ஆறவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கேட்டு நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இன்னும் கோபம்தான் வந்தது. இதற்குத்தானா என் பிள்ளை முட்டை தின்னாமல் இருந்தான்?

நாளைக்கு உனக்கும் ஒரு பெண் வருவாள். அவளிடம் பூச்சிக் கதை சொல்லாதே. முதல் நாளே சட்டைக் கையை மடக்கிக் காட்டிவிட்டுச் சொல்: என் உடம்பு இப்படி, இதற்கு இந்த மாத்திரை, பல பேருக்குச் சில வருஷத்தில் தானாக அடங்கிவிடுமாம், எனக்கு எப்படி என்று தெரியாது. போகிறவள் போகட்டும். இருக்கிறவளுக்குத் தனிக் குழம்பு வைக்கிற வேலை மிச்சம். அம்மாச்சிக்கும் நீயே ஒரு போன் போடு. "ஒங்களால இல்ல அம்மாச்சி" என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் மகள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்.

அடுத்த மாத முதல் திங்கட்கிழமைக்கு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், என்ன பேசப்போகிறார் என்று தெரியாது. சுமதி கல்லுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள். "நானும் வாரேன் மதினி. கை குட்டையா ஒரு சாக்கெட்டு தைக்கக் குடுத்திருக்கேன், அதைப் போட்டுக்கிட்டே வாரேன்" என்றாள். அதே அறை. அதே இரண்டு நாற்காலி. டாக்டரம்மா அதே கேள்வியை முதலிலிருந்து கேட்பார். அப்பா நெஞ்சை நிமிர்த்துவதற்குள் நீ வாயைத் திறக்க வேண்டும். உன் உடம்பைப் பற்றிய கேள்விக்கு இதுவரை நாங்கள்தான் பதில் சொல்லியிருக்கிறோம், ஒழுங்காகச் சொல்லவில்லை.

நீ வருவது உறுதியானால்தான் மாத்திரையை எந்த நாளில் நிறுத்துவது என்று நான் அவரிடம் கேட்க முடியும். லீவு கிடைக்காது என்றால் அதையாவது சொல், வேறு நாள் கேட்கிறேன். கோபமாக இருந்தால் கோபத்தையே எழுது, எனக்கும் துணை கிடைக்கும். வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது, தம்பி.

அம்மா